ஆலய நிலமும் ஆறு வாரக் கெடுவும்

(தாப்பாவில் நடைபெற்ற ஆலய நன்கொடையாளர் கூட்டத்தில், நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "ஆலய நிலப் பாதுகாப்பு" என்பது. பக்தியைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னை விடத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் காலக்கெடுவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பள்ளிக்கூடத்து மணியோடு வாழ்ந்தவன் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

அன்பர்களே, நாம் கோயிலுக்குப் பொன் கொடுக்கிறோம், பொருள் கொடுக்கிறோம். சிலர் நிலம் கொடுத்திருக்கிறார்கள். பொன்னைப் பூட்டி வைக்கலாம். நிலத்தைப் பூட்டி வைக்க முடியாது. ஒரு நாள் சாலை வருகிறது, இரயில் பாதை அகலமாகிறது, மின்கம்பி போகிறது, குடிநீர்க் குழாய் போகிறது. அரசாங்கம் பொது நன்மைக்காக நிலத்தை எடுத்துக் கொள்கிறது. அப்படி எடுக்கும் அதிகாரம் உலகத்தில் எல்லா அரசாங்கத்திற்கும் உண்டு. அதே சமயம், நமது கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு, போதிய இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுத்துக் கொள்ளச் சட்டம் செய்யக் கூடாது என்று சொல்கிறது. ஆகவே நிலம் போனாலும் நியாயமான இழப்பீடு கிடைக்க வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது. நாள் தவறினால் உரிமையும் தவறிவிடும். இதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இங்குள்ள பல குடும்பங்களுக்கு அங்கே இன்னும் கொஞ்சம் பூர்வீக நிலம் இருக்கிறது. பங்காளிகள் பெயரிலும் தாத்தா பெயரிலும் கிடக்கிறது. ஆகவே இது உங்களுக்கும் உதவும்.

இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. முதலில் ஓர் அதிகாரி நிலத்திற்கு விலை தீர்மானிப்பார். அந்த விலை போதாது என்றால், நில உரிமையாளர் நடுவரிடம் போகலாம். அந்த நடுவரை நியமிப்பது மத்திய அரசு. நிலம் எடுப்பதும் அரசு, நடுவரைப் போடுவதும் அரசு. பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் நடுவராக அமர்வார். அவர் கொடுக்கும் தீர்ப்பும் போதவில்லை என்றால், 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்திற்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு முதல் அப்படி எடுக்கப்பட்ட நிலங்களைப் பற்றிய வழக்கு ஒன்று இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹக்கீம் வழக்கு என்று அதைக் குறிப்பிடுவார்கள். அதிகாரி கொடுத்த விலை ஒரு சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரை. நடுவரான மாவட்ட ஆட்சியரும் அதே தொகையை உறுதி செய்தார். நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அதைச் சதுர மீட்டருக்கு 645 ரூபாயாக உயர்த்தியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எட்டு மடங்கு முதல் பதினான்கு மடங்கு வரை வித்தியாசம்.

2021 ஜூலை 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் இரத்து செய்யலாமே தவிர, அதிலுள்ள தொகையைத் திருத்தி எழுத முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் அந்த உரிமையாளர்கள் பெற்ற தொகையில் மட்டும் நீதிபதிகள் கை வைக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நல்ல விலை கிடைத்திருக்கும்போது, இத்தனை ஆண்டுகள் கழித்து இவர்களை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வது நியாயமாகாது என்று விட்டுவிட்டார்கள். பிறகு 2025 ஏப்ரல் 30ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அமர்வில், நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், சில குறிப்பிட்ட எல்லைக்குள் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பைத் திருத்தலாம் என்று சொல்லப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 645 ரூபாய் யாருக்குக் கிடைத்தது? நாள் தவறாமல் நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குக் கிடைத்தது. அதே சாலையில், அதே மண்ணில் நிலம் இருந்தும், பேசாமல் வீட்டில் இருந்தவருக்கு அந்தத் தீர்ப்பு தானாக நடந்து போய்க் கதவைத் தட்டாது.

சரி, அந்த நாள் கணக்கு என்ன? 34ஆவது பிரிவு சொல்வது இது. நடுவரின் தீர்ப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் நீதிமன்றம் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள் நீதிபதி கொடுக்கலாம். அதற்கு மேல் இல்லை. "அதற்குப் பின் இல்லை" என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு 2001ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. முப்பது நாளுக்கு மேல் ஒரே ஒரு நாள் போனாலும், காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எந்த நீதிபதியாலும் கதவைத் திறக்க முடியாது என்பதே அந்தப் பதில்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்பின் நகல் உங்கள் கையில் கிடைக்கிறது. ஏப்ரல் 10ஆம் நாளோடு மூன்று மாதம் முடிகிறது. காரணம் காட்டினால் மே 10ஆம் நாள் வரை போகலாம். மே 11ஆம் நாள் போனால் கதவு சாத்தியாகிவிட்டது. நோய் என்றாலும் சரி, மரணம் என்றாலும் சரி.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மூன்று மாதம் முடிகிற நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறந்த நாளில் போய்க் கொடுக்கலாம். ஆனால் அந்த மேலதிக முப்பது நாள் விடுமுறையில் முடிந்தால் அந்தச் சலுகை கிடையாது. 2012ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் இப்படிச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கிலும் அதே சட்டத்தைப் பின்பற்றி மனுவை ஏற்க மறுத்துவிட்டார்கள். இந்த முறை இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமா என்று அந்த நீதிபதிகளே தங்கள் தீர்ப்பில் வருத்தப்பட்டு எழுதினார்கள். வருத்தப்பட்டாலும் கதவைத் திறக்க அவர்களால் முடியவில்லை.

இவ்வளவு கடுமை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். நடுவர் தீர்ப்பு என்பதே வழக்கை விரைந்து முடிப்பதற்கு வந்த ஏற்பாடு. அதன் பிறகும் இரண்டு தரப்பும் நினைத்தபோதெல்லாம் நீதிமன்றம் போகலாம் என்றால், நடுவரை வைத்து என்ன பயன்? அத்தோடு இந்தக் கெடு ஏழைக்கு மட்டும் போட்ட விலங்கும் அல்ல. நெடுஞ்சாலை ஆணையம் தாமதமாக வந்தாலும் இதே சட்டம்தான். உரிமையாளருக்கு நடுவர் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று அரசுத் தரப்பு கால தாமதமாக வழக்குப் போட்டால், அந்தக் கதவு அவர்களுக்கும் மூடித்தான் இருக்கும். அப்போது அதே கெடுதான் உழவனின் பணத்தைக் காப்பாற்றுகிறது.

மற்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியதும் உண்டு. 1987ஆம் ஆண்டில், காஷ்மீரத்து அனந்தநாகில் நிலம் எடுத்த விவகாரம் ஒன்று உச்ச நீதிமன்றம் வந்தது. இழப்பீட்டை உயர்த்தியதை எதிர்த்து அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. நான்கு நாள் தாமதம். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ, நாள் கணக்கை மட்டும் பார்க்காமல் நியாயத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தாமதத்தை மன்னித்தது. தாமதத்தை மன்னிக்கும்படி கேட்பவர்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவார்கள். ஆனால் அது பொதுவான காலவரையறைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. நடுவர் தீர்ப்பை எதிர்த்து 34ஆவது பிரிவின் கீழ் போகிறவர் அதைக் காட்ட முடியாது. 2012ஆம் ஆண்டில் அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்தபோது, அரசு அலுவலகத்தில் கோப்பு மெதுவாகத்தான் நகரும் என்ற சாக்கை இனி ஏற்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். காலம் செல்லச் செல்ல இரக்கம் குறைந்துகொண்டுதான் வருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

மலேசியாவில் நிலம் எடுப்பது 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் நடக்கிறது. இங்கே நடுவர் இல்லை. நில நிர்வாகி விசாரணை நடத்துவார். அவரே இழப்பீட்டைத் தீர்மானிப்பார். அதை ஏற்காதவர் உயர் நீதிமன்றத்திற்குப் போகலாம். உயர் நீதிமன்ற நீதிபதியுடன் மதிப்பீட்டாளர்கள் இருவர் அமர்வார்கள். முன்பு அந்த மதிப்பீட்டாளர்கள் சொல்லும் தொகைதான் நீதிபதியைக் கட்டுப்படுத்தும் என்று 40டி பிரிவில் எழுதியிருந்தது. 2017 ஏப்ரலில் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்குத்தான், மதிப்பீட்டாளர் ஆலோசனை சொல்லலாம் என்று விளக்கியது. நில உரிமையாளர்களுக்கு அது ஒரு நல்ல காலம்.

ஆனால் அந்த நீதிபதி முன் போய் நிற்பதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. அது 38ஆவது பிரிவு. நில நிர்வாகியின் தீர்மானத்தை எதிர்ப்பவர் 'என்' படிவத்தை நிரப்பி நில நிர்வாகியிடம் கொடுக்க வேண்டும். உங்கள் ஆட்சேபத்தை நீதிமன்றத்திற்கு அனுப்பச் சொல்லும் படிவம் அது. எத்தனை நாளுக்குள்? விசாரணையில் தீர்மானம் சொல்லும்போது நீங்களோ உங்கள் பிரதிநிதியோ அங்கே இருந்திருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரம். இல்லாவிட்டால், 'எச்' படிவம் என்ற அறிவிப்பு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு வாரம், அல்லது தீர்மானம் செய்த நாளிலிருந்து ஆறு மாதம், இவற்றில் எது முதலில் முடிகிறதோ அது.

இந்த ஆறு வாரக் கணக்கு வெள்ளைக்காரன் இந்தியாவுக்குச் செய்த 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே கணக்குதான். அங்கே அந்தச் சட்டம் போய் 2013ஆம் ஆண்டில் புதுச் சட்டம் செய்தார்கள். 2014 ஜனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. அதிலும் ஆறு வாரத்தை அப்படியே வைத்தார்கள். ஆனால் தக்க காரணம் இருந்தால் மேலும் ஓராண்டு வரை மனுவை ஏற்கலாம் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே உறவினர் வீட்டில் கேட்டுவிட்டு, "ஓராண்டு வரை கொடுப்பார்களாமே" என்று இங்கே யாரும் காத்திருக்க வேண்டாம். அது அந்த நாட்டுச் சட்டம்.

ஆறு வாரம் என்றால் எவ்வளவு காலம் என்று நம் பாணியில் சொல்கிறேன். கும்பாபிஷேகம் முடிந்ததும் மண்டலாபிஷேகம் செய்கிறோம். ஒரு மண்டலம் என்பது 48 நாள். ஆறு வாரம் 42 நாள். கும்பாபிஷேகத்தன்று உங்கள் கையில் 'எச்' படிவம் கிடைத்து, மண்டலாபிஷேகம் முடியட்டும், பிறகு கூட்டம் போட்டுப் பேசலாம் என்று நினைத்தால், ஆறு நாள் முன்னதாகவே வாசல் மூடியிருக்கும்.

நம் கோயில் குழுக்கள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கடிதம் கோயில் முகவரிக்கு வருகிறது. பூசாரி வாங்கி அலமாரியில் வைக்கிறார். செயலாளர் வெள்ளிக்கிழமைதான் வருவார். செயலாளர் பார்த்துத் தலைவரிடம் சொல்ல வேண்டும். தலைவர் கோலாலம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். வந்ததும் செயலவைக் கூட்டம். கூட்டத்தில் போதிய பேர் இல்லை. அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கிறார்கள். அதற்குள் ஆடித் திருவிழா வந்துவிடுகிறது. திருவிழா முடிந்து வழக்கறிஞரைப் பார்த்தால், அவர் முதலில் கேட்கும் கேள்வி "இது எப்போது வந்தது?" என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய ஆலயத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் நாளை எண்ணுவதற்கு மட்டும் ஒருவரும் இல்லை.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்களைச் சட்டத்திலிருந்து சொல்கிறேன்.

ஒன்று, 'என்' படிவத்தில் எல்லாக் காரணங்களையும் முழுமையாக எழுத வேண்டும். அதில் எழுதாத காரணத்தை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பிறகு பேச முடியாது. நான்கு வகைக் காரணங்களைச் சட்டம் ஏற்கிறது. நில அளவு சரியில்லை, தொகை போதாது, தொகை யாருக்குப் போக வேண்டும், பங்கு எப்படிப் பிரிக்க வேண்டும் என்பவை அவை. அவசரத்தில் "தொகை போதாது" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது.

இரண்டு, பணம் வாங்குவதில் கவனம். இழப்பீட்டுத் தொகையை வாங்கிக் கொள்வதாலேயே உரிமை போய்விடாது. ஆனால் "போதாது என்ற ஆட்சேபத்தோடு வாங்குகிறேன்" என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு வாங்க வேண்டும். பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், ஏற்றுக் கொண்டதாகவே எடுத்துக் கொள்ளப்படும்.

மூன்று, கையகப்படுத்துவதையே எதிர்க்க நினைப்பவர்கள். இழப்பீட்டைக் கூட்டிக் கேட்பது வேறு, எடுக்கவே கூடாது என்பது வேறு. 1982ஆம் ஆண்டில் குலசிங்கம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிப்பைச் செய்வதற்கு முன் உரிமையாளரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்ற உரிமை சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே அது கடினமான வழி. அப்படியும் அந்த வழியில் போவதானால், நீதிமன்ற விதிகளின்படி மூன்று மாதத்திற்குள் நீதிமுறை மறுஆய்வுக்கு மனுச் செய்ய வேண்டும். 'என்' படிவத்தின் ஆறு வாரம் வேறு, இந்த மூன்று மாதம் வேறு. இரண்டையும் குழப்பிக் கொண்டு, மூன்று மாதம் இருக்கிறதே என்று ஆறு வாரத்தைத் தவற விட்டுவிடக் கூடாது.

அரசாங்கத்திற்கும் கெடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 8ஆவது பிரிவின் கீழ் அரசிதழில் அறிவித்த பிறகு, இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்மானம் செய்யாவிட்டால் அந்த அறிவிப்பு காலாவதியாகிவிடும். ஆகவே நாம் நம் நாளை எண்ணும்போது அவர்கள் நாளையும் எண்ணி வர வேண்டும்.

இப்போது ஆலயங்களுக்கு மட்டும் உரிய ஒரு பெரிய கேள்விக்கு வருகிறேன். இது மனதுக்குச் சங்கடமான விஷயம். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இழப்பீடு கேட்க உரியவர் யார்? இழப்பீட்டில் உரிமை கோருபவர் எல்லாரும் என்று சட்டம் விரிவாகச் சொல்கிறது. ஆனால் ஒருவரை மட்டும் விலக்கிவிடுகிறது. உரிமையாளரின் விருப்பம் உள்ள வரை மட்டும் இருந்துகொள்ளலாம் என்ற நிலையில் இருப்பவரை அது சேர்த்துக் கொள்ளவில்லை.

அன்பர்களே, பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர், கம்பார், தெலுக் இந்தான், சுங்கை சிப்புட் என்று எங்கே பார்த்தாலும் தோட்டத்துக் கோயில்கள் இருக்கின்றன. நம் தாத்தாமார் பால் மரம் சீவிவிட்டு வந்து, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கட்டியவை. நிலம் தோட்ட நிறுவனத்தின் நிலம். துரை வாய்ச் சொல்லாக அனுமதி கொடுத்தார். அந்த வாய்ச் சொல்தான் பட்டா. துரை போனார், நிறுவனம் கை மாறியது, தோட்டம் வீடமைப்புப் பகுதியானது. அந்த நிலத்தை அரசாங்கம் எடுக்கும்போது, அறிவிப்பு பட்டாவில் பெயருள்ளவருக்குப் போகிறது. இழப்பீடும் அவருக்கே போகிறது. கோயில் நூறு ஆண்டாக அங்கே இருக்கிறது என்று நாம் சொல்வோம். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டமோ, எத்தனை காலம் இருந்தாலும் இருந்ததனால் மட்டும் உரிமை வராது என்கிறது. தனியார் நிலத்திற்கும் இது பொருந்தும், அரசு நிலத்திற்கும் பொருந்தும்.

அந்த நிலையில் உள்ள ஆலயத்திற்கு ஆறு வாரக் கெடுகூடப் பயன்படுவது கடினம். அங்கே பேச்சு வார்த்தையும் நல்லெண்ணமும்தான் வழி. நல்லெண்ணம் கிடைத்த இடங்களும் உண்டு, மாற்று நிலம் பெற்ற ஆலயங்களும் உண்டு. ஆனால் கேட்டுப் பெறுவது வேறு, உரிமையாகப் பெறுவது வேறு.

இதை நம் சமுதாயத்தில் முன்னமே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அப்போது நம் பேராக் மாநிலத்தைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் ஊர் ஊராகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் பெயர் பட்டாவோடு சேர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்தப் பாடத்தை நம் கோயில்கள் இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை.

சொந்தப் பட்டா உள்ள ஆலயங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டாவில் யார் பெயர் இருக்கிறது? பல இடங்களில் அந்தக் காலத்துக் கங்காணி, கிராணி, கடைக்கார முதலாளி ஆகியோர் அறங்காவலர் என்று பெயர் எழுதியிருப்பார்கள். மூவரும் சிவபதம் அடைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நில அலுவலகம் அவர்களின் பழைய முகவரிக்குத்தான் அறிவிப்பு அனுப்பும். அந்த லயமே இன்று இல்லை. அறிவிப்பு கைக்கு வராமலே, தீர்மானம் செய்த நாளிலிருந்து ஆறு மாதம் ஓடிவிடலாம். 1961ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், தீர்மானம் உரியவருக்குத் தெரிய வந்த நாளையே தீர்மான நாளாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு நல்ல விளக்கம் கொடுத்தது. அது ஒரு வாதத்திற்கு உதவலாம். ஆனால் வாதம் செய்ய வேண்டிய நிலைக்கு வராமல் பார்த்துக் கொள்வதே அறிவுடைமை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

அறங்காவலர்களைச் சட்டப்படி ஒரே அமைப்பாகப் பதிவு செய்ய 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அப்படிப் பதிவு செய்துவிட்டால், ஆள் மாறினாலும் பட்டாவில் பெயர் மாற வேண்டியதில்லை. சங்கப் பதிவு பெற்ற ஆலயங்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி சொத்தைச் சங்கத்தின் பெயரில் வைத்துக் கொள்ளவும் வழி உண்டு. எது பொருத்தம் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இழப்பீடு கணக்கிடும் முதல் அட்டவணையில், நிலத்தை விட்டுப் பிரிய உரிமையாளருக்கு மனமில்லை என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நம் அம்மன் சந்நிதியின் புனிதத்திற்குச் சட்டத்தில் விலை இல்லை. ஆகவே கண்ணீரோடு போனால் போதாது. அக்கம் பக்கத்து நிலம் என்ன விலைக்கு விற்றது என்ற கணக்கோடும், தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கையோடும் போக வேண்டும். எடுத்தது போக மீதியுள்ள நிலத்திற்கு ஏற்பட்ட பாதிப்பையும், இடம் மாறுவதற்கு ஆகும் செலவையும் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு.

நன்கொடையாளர்களுக்கு என் வேண்டுகோள். நிலம் கொடுப்பவர்கள் வாயால் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம் செய்து கொடுங்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் மனம் மாறாது என்று நீங்கள் நம்பலாம். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகலாம். திருப்பணிக்குப் பணம் கொடுப்பவர்கள், கோபுரத்திற்கு வண்ணம் பூசும் முன்பு அந்தக் கோபுரம் நிற்கும் மண்ணின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது. அது உங்கள் கடமை.

செயலவைக்கு நான் வைக்கும் யோசனைகள் எளிமையானவை. பட்டாவின் நகலையும் நில வரி கட்டிய இரசீதையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இங்கே தாப்பாவிலேயே உள்ள பத்தாங் பாடாங் மாவட்ட நில அலுவலகத்திற்குப் போய், பட்டாவில் உள்ள பெயரும் முகவரியும் சரிதானா என்று பார்த்து வாருங்கள். கோயிலுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் வந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அரசாங்க முத்திரை உள்ள கடிதம் வந்தால், அன்றே தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவசரக் கடிதத்திற்குப் பதில் செய்யவும் வழக்கறிஞரைப் பார்க்கவும், கூட்டத்திற்குக் காத்திராமல் மூவருக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் போட்டு வையுங்கள். மலாய் மொழியில் உள்ள படிவத்தைப் படித்துச் சொல்ல நம் இளைஞர்களில் இருவரைச் செயலவையில் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர்களுக்கு மொழியும் தெரியும், கைத்தொலைபேசியில் நாள் குறித்து வைக்கவும் தெரியும். பரிவட்டம் கட்டுவதற்கு மட்டும் பெரியவர்கள் நாம் முன்னால் நிற்போம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கடிதத்தை முதலில் வாங்குபவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். திருச்சியைச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனத்திற்கும் தென்னக இரயில்வேக்கும் நடந்த வழக்கு ஒன்றில், நடுவர் தீர்ப்பைக் கடிதம் வாங்கும் எழுத்தர் பெற்ற நாளை எண்ணக் கூடாது, முடிவெடுக்கும் அதிகாரி பெற்ற நாளையே எண்ண வேண்டும் என்று 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பெரிய அலுவலகத்திற்குக் கிடைத்த சலுகை. நம் வீட்டில் எழுத்தரும் அதிகாரியும் ஒருவர்தான். நீங்கள் வாங்கினால் வீடே வாங்கியது போலத்தான். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல் அன்றே படிக்கச் சொல்லுங்கள்.

அன்பர்களே, நம் முன்னோர் நல்ல நாள் பார்த்தார்கள், நாழிகை பார்த்தார்கள். முகூர்த்தம் தவறக் கூடாது என்று விடியற்காலையிலேயே எழுந்து கால்கோள் விழா நடத்தினார்கள். நேரத்தின் அருமை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கால்கோளுக்குப் பார்க்கும் அந்த நாளை, அந்தக் கல் நிற்கும் மண்ணுக்காகவும் பார்ப்போம். அப்படிச் செய்தால், சாலைக்காகக் கொஞ்சம் நிலம் போனாலும், உரிய இழப்பீட்டோடு வேறோர் இடத்தில் விளக்கேற்ற நம்மால் முடியும்.